காசு வச்சு அளவோடு ஆட வழி இருக்கா? (அறிவுரை வேண்டாம், வழி மட்டும்)

இரவுப்பறவை | திங்கள், இரவு 1:52

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன். முதல் தடவையா எழுதுறேன்.

எனக்கு ஆப்ல ஆடுற பழக்கம் உண்டு. மேட்ச் பந்தயம், நடுவுல கொஞ்சம் ரூலெட் (சுத்துற சக்கரத்துல பந்து எங்க விழும்னு காசு வைக்கிறது), கொஞ்சம் ஸ்லாட் (தட்டினா படங்கள் சுத்தும், ஒரே படம் சேர்ந்தா காசு). அடிமை எல்லாம் இல்ல. வேலைக்கு ஒழுங்காப் போறேன், குடி கிடையாது. ஆனா மூணு மாசமா மாசக் கடைசியில கணக்குப் பாத்தா நான் நினைச்சதைவிட அதிகமாப் போயிருக்கு.

"விட்டுடு"ன்னு சொல்ல நூறு பேர் இருக்காங்க. அது வேண்டாம். அளவோட ஆடுறவங்க யாராவது இருந்தா எப்படி அளவு வைக்கிறீங்கன்னு சொல்லுங்க. எவ்வளவு, எத்தனை நாள், எப்போ எழுந்திரிக்கிறது. ரூலெட்ல இரட்டிப்பு முறைன்னு ஒண்ணு கேள்விப்பட்டேன், அது வேலை செய்யுமா?

சும்மா_ஒருத்தன் | திங்கள், காலை 7:10

நான் பத்து வருஷமா ஆடுறேன், ஒண்ணும் ஆகல. எல்லாம் மனசுக் கட்டுப்பாடுதான் தம்பி. சினிமாவுக்குப் போறப்போ டிக்கெட் காசு திரும்பி வரும்னா போறோம்? அதே மாதிரி, போனது போனதுன்னு நினைச்சு உட்காரணும். பாக்கெட்ல இருக்கிறது தீர்ந்தா எழுந்துடணும். சும்மா பயமுறுத்துறவங்க பேச்சைக் கேக்காதீங்க.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 9:34

இரட்டிப்பு முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும்.

ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள ரூலெட்டில் 37 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18, பூஜ்ஜியம் 1. சிவப்பில் வைத்தால் ஜெயிக்க 18 வழி, தோற்க 19 வழி. ஆனால் ஜெயித்தால் வைத்த அளவுதான் லாபம். மிச்சமிருக்கிற அந்த ஒரு குழிதான் ஆட்டம் நடத்துகிறவனின் பிழைப்பு. வைக்கிற ஒவ்வொரு 100-க்கும் சராசரியாக 2.70 அவனுக்கு. இரண்டு பூஜ்ஜியம் உள்ள மேசையில் அதுவே 5.26.

இனி இரட்டிப்பு. 1 வைத்துத் தோற்றால் 2, பிறகு 4, 8, 16 என்று போகும். எங்கே ஜெயித்தாலும் மொத்த லாபம் 1. பத்து தடவை தொடர்ந்து தோற்றால் கையை விட்டுப் போனது 1023. பதினோராவது தடவை 1024 வைக்க வேண்டும், அதுவும் அந்த ஒற்றை 1-ஐச் சம்பாதிக்க. அதற்குள் கையில் பணம் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் மேசையின் உச்சவரம்பு வந்திருக்கும்.

"பத்து தடவை தொடர்ந்தா தோற்பேன்?" என்று தோன்றும். கணக்குப் போட்டால் சராசரியாக 1600 சுற்றுக்கு ஒரு தடவை அது வரும். நிமிடத்துக்கு நாலு சுற்று ஆடினால் ஏழு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு மூன்று ராத்திரி.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டே கார்லோ சூதாட்ட மாளிகையில் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பில் விழுந்தது. "இத்தனை கறுப்புக்குப் பிறகு சிவப்பு வந்தே தீரும்" என்று ஒவ்வொரு சுற்றிலும் தொகையைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் அன்று பெரும் பணத்தை இழந்தார்கள். பந்துக்கு ஞாபகசக்தி கிடையாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் காதில் ஏறியிருக்காது.

இரவுப்பறவை | திங்கள், மதியம் 1:15

நன்றி சார். அப்போ ரூலெட் வேண்டாம். ஆனா ஸ்லாட்ல "95 சதவீதம் திரும்பும்"னு அவனே போட்டிருக்கான். 100 போட்டா 5தான போகும்? அது பரவாயில்லதான?

கணக்குப்பிள்ளை | திங்கள், மாலை 6:02

அந்த 95 நீங்கள் வாலட்டில் ஏற்றிய பணத்துக்கு இல்லை. சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும். வந்ததை எல்லாம் மறுபடி உள்ளே விடுவதுதானே ஸ்லாட் ஆட்டம்? 100-ஐ முழுசாக 20 தடவை அப்படிச் சுழற்றினால் சராசரியாக மிஞ்சுவது 36. "கொஞ்சம்தான் போட்டேன், எப்படித் தீர்ந்தது?" என்று எல்லாரும் கேட்பதற்கு விடை இதுதான்.

இன்னொன்று. திரையில் படங்கள் சேர வேண்டிய வரிசைக்குக் கோடு என்று பெயர். 20 கோடு, கோட்டுக்கு 1 என்று 20 வைக்கிறீர்கள். ஒரே ஒரு கோட்டில் 8 வருகிறது. உடனே விளக்கு, மணி, தங்கக்காசு மழை, "வென்றீர்கள் 8". உண்மையில் 12 போய்விட்டது. தோல்விக்கு ஜெயிப்பின் வேஷம். பிரிட்டனில் 2021 அக்டோபர் முதல் ஆன்லைன் ஸ்லாட்டில் இது கூடாது. வைத்ததற்கு மேல் வராதபோது கொண்டாட்டச் சத்தம் போடக் கூடாது, ஒரு சுற்று 2.5 விநாடிக்குக் குறையவும் கூடாது என்று விதி போட்டார்கள். சத்தத்துக்கும் வேகத்துக்கும் விதி போட வேண்டியிருந்தது என்றால் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கோட்டு | திங்கள், இரவு 8:40

மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மருந்து கேட்காதீர்கள்.

கேட்டது அளவு என்பதால் அளவையே சொல்கிறேன். கனடாவில் 2021-இல் ஒரு வழிகாட்டி வந்தது. ஆடியே தீருவேன் என்பவர்களுக்கு மூன்று எல்லைகள். வரி பிடிப்பதற்கு முன் உள்ள குடும்ப மாத வருமானத்தில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மாதத்தில் 4 நாளுக்கு மேல் கூடாது. வழக்கமாக ஆடுவது 2 வகைக்கு மேல் கூடாது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் போதாது, மூன்றும் சேர்ந்துதான் எல்லை. குடிப் பழக்கமோ மனச்சோர்வோ இருப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது சூதாட்டப் பிரச்சினை இருந்தவர்கள், இதற்கும் கீழே நிற்க வேண்டும்.

நான் சேர்த்துக்கொள்வது: கடன் வாங்கிய காசில் ஆடாதீர்கள். தூக்கம் கெட்ட நேரத்தில், சண்டை போட்ட கையோடு ஆடாதீர்கள்.

இரவுப்பறவை | செவ்வாய், இரவு 12:31

1 சதவீதமா? அக்கா, அது எனக்கு ஒரு மேட்சுக்கே பத்தாது.

மாசம் நாலு நாள்னா எப்படி? மேட்ச் தினமும் நடக்குதே.

திரும்பி_வந்தவன் | செவ்வாய், காலை 5:50

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க முதல் பதிவு போட்ட நேரம் ராத்திரி 1:52. இப்போ போட்டது 12:31. ரெண்டு நாளும் மறுநாள் வேலை இருக்கும்னு நினைக்கிறேன். "அளவு எவ்வளவு"ன்னு கேட்டீங்க, சொன்னாங்க. உடனே உங்க வாயிலயிருந்து வந்தது "பத்தாது".

நான் ஆறு வருஷமா ஆடல. அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் ஆடினேன். அதனால ரெண்டே ரெண்டு கேள்வி கேக்கறேன். இது என் கேள்வி இல்ல, டாக்டருங்க முதல்ல கேக்கறதே இதுதான்.

ஒண்ணு: இன்னும் இன்னும் அதிகமா வச்சு ஆடணும்னு எப்பவாவது தோணிருக்கா?

ரெண்டு: எவ்வளவு ஆடினீங்கன்னு உங்களுக்கு வேண்டப்பட்டவங்ககிட்ட பொய் சொல்ல வேண்டி வந்திருக்கா?

பதில் இங்க எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்.

என் கதையில ஒரு துண்டு மட்டும் சொல்றேன். ஒரு தடவை பெரிசா ஜெயிச்சேன். எட்டு மாசச் சம்பளம். ஆடறவன் எவனும் இப்படிச் செய்ய மாட்டான், நான் உடனே வித்ட்ரா கொடுத்தேன். "பரிசீலனையில் உள்ளது, 72 மணி நேரம்"னு வந்துச்சு. அதுக்குப் பக்கத்துலயே பச்சை நிறத்துல ஒரு பட்டன், "ரத்து செய்". சிவப்பு இல்ல, பச்சை. முதல் ராத்திரி தூக்கம் வரல, கொஞ்சூண்டு மட்டும் ரத்து பண்ணினேன். ரெண்டாம் ராத்திரி, போன அந்தக் கொஞ்சத்தைப் பிடிக்கக் கொஞ்சம். மூணாம் நாள் விடியறப்போ பாலன்ஸ் பூஜ்ஜியம். எட்டு மாசச் சம்பளம் என் பேங்குக்கு வரவே இல்ல. அதை நான் பாத்தது திரையில மட்டும்தான்.

அந்த மூணு நாளும் நான் அளவு வச்சிருந்தேன் தம்பி. "இதுக்கு மேல ரத்து பண்ண மாட்டேன்"னு ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு. சாயங்காலம் நான் வைக்கிற அளவை ராத்திரி 2 மணிக்கு மாத்தறதும் நான்தான். ஆடற கையே வைக்கிற வேலிக்கு வேலின்னு பேர் இல்ல.

சும்மா_ஒருத்தன் | செவ்வாய், காலை 8:15

இதைத்தான் சொன்னேன், மனசுக் கட்டுப்பாடு இல்லாதவங்க ஆடக் கூடாது. எல்லாரையும் நோயாளி ஆக்காதீங்க.

[நீக்கப்பட்டது] | செவ்வாய், காலை 11:20

நெறியாளர் | செவ்வாய், காலை 11:26

"100% உறுதியான டிப்ஸ், விட்ட பணத்தை ஒரே வாரத்தில் மீட்கலாம்" என்று போன் நம்பரோடு வந்த பதிவை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் எழுதுபவர்களுக்குத் தனிச்செய்தியிலும் இப்படி வரும். விட்டதைப் பிடித்துத் தருகிறேன் என்று வருகிறவன் மிச்சத்தைப் பிடிக்க வருகிறவன். பதில் போடாமல் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

சாளரம் | செவ்வாய், மதியம் 3:05

நான் ஆடறவள் இல்ல. ஆடினவரோட மனைவி. அதனால எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கோங்க.

மனசுக் கட்டுப்பாடுன்னு ஒருத்தர் ரெண்டு தடவை எழுதிட்டார். எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா விடியக்காலை நாலரைக்கு எழுந்து ஓடப் போறவர். ஒரு நாள்கூட தவற விட்டதில்ல. அந்த மனுஷனுக்கா மனசுக் கட்டுப்பாடு இல்ல? அதே மனுஷன்தான் என் அம்மாவோட ஆபரேஷனுக்கு வச்சிருந்த காசை ஒரு சனிக்கிழமை மதியத்துல தீர்த்தார்.

பணம் போனதுகூட ஆறிடுச்சு. பொய்தான் இன்னிக்கும் ஆறல. எனக்குத் தெரிய வந்த விதம் என்ன தெரியுமா? பாத்ரூம்ல அவர் இருக்கிற நேரம். முதல்ல பத்து நிமிஷம், அப்புறம் அரை மணி, அப்புறம் ஒரு மணி. உடம்புக்கு என்னமோன்னு நினைச்சு டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன். வயித்து டாக்டர்! இப்போ சொல்லிச் சிரிக்கிறோம். அப்போ சிரிப்பு வரல.

இரவுப்பறவை தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?

இரவுப்பறவை | புதன், இரவு 2:20

ஆயிடுச்சு அக்கா. ஒரு பையன்.

திரும்பி வந்தவர் கேட்ட ரெண்டு கேள்விக்கும் பதில் ஆமா.

முதல் பதிவுல எழுதினது முழு உண்மை இல்ல. மூணு மாசம் இல்ல, ரெண்டு வருஷம். கைமாத்து வாங்கினது நாலு பேர்கிட்ட. கிரெடிட் கார்டு ரெண்டும் முட்டிடுச்சு. பையன் படிப்புக்குப் போட்டு வச்சிருந்ததைப் போன மாசம் உடைச்சேன். வீட்டுல "ஆபீஸ்ல சம்பளம் லேட்"னு சொல்லிருக்கேன். ராத்திரி போன் வெளிச்சத்தைக் குறைச்சு வச்சுப் போர்வைக்குள்ளதான் ஆடுவேன். நேத்துக் காலைல பல் விளக்கிட்டே ஸ்லாட் ஓட்டிட்டிருந்தேன். நுரை போன் மேல விழுந்துச்சு. அதைத் துடைச்சிட்டு ஓட்டினேன்.

ஒரே ஒரு நல்ல ஜெயிப்பு வந்தா எல்லாத்தையும் அடைச்சிட்டு நிறுத்திடலாம்னு இருந்தேன். இந்த இழையை ஆரம்பிச்சதே அந்த ஜெயிப்பு வர்ற வரைக்கும் எப்படித் தாக்குப்பிடிக்கிறதுன்னு கேக்கத்தான்.

சில சமயம் நான் இல்லாமப் போனா இன்சூரன்ஸ் காசாவது வரும்னு தோணுது.

வெள்ளைக்கோட்டு | புதன், காலை 5:12

கடைசி வரியை முதலில் பேசுகிறேன். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கிறேன். அது இப்போது இருந்தால் தனியாக இருக்காதீர்கள். மனைவியை எழுப்புங்கள், காரணம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். அல்லது உங்கள் பகுதியின் அவசர எண்ணுக்கோ தற்கொலைத் தடுப்பு எண்ணுக்கோ இப்போதே கூப்பிடுங்கள், இல்லையென்றால் பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சூதாட்டப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த எண்ணம் மற்றவர்களைவிட அதிகமாக வரும். எங்களிடம் வருகிறவர்களிடம் முதல் நாளே கேட்டுவிடுவோம். நீங்கள் சொன்னது எங்களுக்குப் புதுசு இல்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. இதைப் படித்ததும் ஒரே ஒரு வார்த்தையாவது பதில் போடுங்கள்.

இரவுப்பறவை | புதன், காலை 6:40

இருக்கேன் அக்கா. இப்போ அந்த மாதிரி ஒண்ணும் இல்ல. ராத்திரிதான் அப்படி வருது. அவ எழுந்துட்டா, சமையல்ல இருக்கா.

வெள்ளைக்கோட்டு | புதன், இரவு 7:30

சரி. ராத்திரியில் வருகிறது என்றால், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று பகலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள்.

இது சுபாவக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 1980-லேயே இது நோயாக ஏறியது. 2013-இல் அதை எடுத்து மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அடிமைத்தன அத்தியாயத்திலேயே வைத்துவிட்டார்கள். 9 அறிகுறி சொல்லியிருக்கிறார்கள். தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, குறைக்கப் பார்த்துத் தோற்பது, குறைத்தால் எரிச்சல், எந்நேரமும் அதே நினைப்பு, மனசு சரியில்லை என்றால் ஆட உட்காருவது, விட்டதைப் பிடிக்க ஓடுவது, பொய், வேலைக்கோ உறவுக்கோ ஆபத்து, அடுத்தவர் காசில் தப்பிப்பது. பன்னிரண்டு மாதத்தில் 4 இருந்தால் நோய். 8, 9 என்றால் கடுமை. நீங்கள் எழுதியதில் நானே ஐந்தாறு எண்ணினேன். ஆனால் தீர்ப்பு சொல்ல வேண்டியது நேரில் பார்க்கிற டாக்டர்.

சிகிச்சை என்றதும் அடைத்து வைப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பேச்சுதான். எந்த நேரத்தில், எந்த எண்ணம் வந்ததும் கை போனுக்குப் போகிறது என்று பிரித்துப் பார்த்து, அந்த எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற சிகிச்சை. வாரத்துக்கு ஒரு தடவை, சில மாதம். சிலருக்கு நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரையை டாக்டர்கள் தருவதுண்டு. ஆனால் சூதாட்டத்துக்கென்றே அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. மனச்சோர்வும் கூட இருந்தால் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

மூத்தமகன் | புதன், இரவு 9:18

நடுவுல புகுந்து ஒரு விஷயம். யாருக்காவது உதவலாம்.

எங்க அப்பா வாழ்க்கையில சீட்டுக் கட்டைத் தொட்டதில்ல. 66 வயசுல பார்க்கின்சன்னு நடுக்க நோய் வந்து பிரமிபெக்ஸோல்னு ஒரு மாத்திரை ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷத்துல பென்ஷன் மொத்தமும் ஸ்லாட்டுல. நாங்க "வயசான காலத்துல புத்தி போச்சு"ன்னு அவரைத் திட்டாத திட்டு இல்ல. நரம்பு டாக்டர்தான் கேட்டார், "இவர் புதுசா சூதாடுறாரா?" அந்த வகை மாத்திரைங்க மூளையில டோபமைன்ங்கிற ரசாயனம் பண்ற வேலையையே பண்ணுமாம். சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையைக் கிளப்பும்னு தெரிஞ்ச விஷயமாம். டாக்டர் மருந்தை மெல்ல மாத்தினார், ரெண்டு மாசத்துல அடங்கிடுச்சு. மனநோய்க்குத் தர்ற அரிபிப்ரசோலுக்கும் 2016-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே எச்சரிக்கை விட்டிருக்கு.

மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அது வேற ஆபத்து. டாக்டர்கிட்ட சொல்லுங்க.

அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "எனக்கே நான்தான்னு தோணிச்சுடா"ன்னார்.

திரும்பி_வந்தவன் | வியாழன், காலை 5:45

தம்பி, அந்த ஒரு நல்ல ஜெயிப்பு உங்களுக்கு வராதுன்னு நான் சொல்லல. வரலாம். எனக்கு வந்துச்சு, எட்டு மாசச் சம்பளமா. தூண்டில்ல புழு இல்லாம எவனும் மீன் பிடிக்க மாட்டான்.

மருத்துவம் அவங்க சொல்லிட்டாங்க. வேலி எப்படிப் போடறதுன்னு நான் சொல்றேன். உங்க கைக்கு எட்டாத இடத்துல போடணும், அதுதான் விஷயம்.

முதல் வேலை சம்பளம். அது உங்க கணக்குக்கு வரவே கூடாது. வீட்டம்மா கணக்குக்குப் போகட்டும், தினச் செலவுக்கு மட்டும் கையில ரொக்கம். நான் 41 வயசுல பொண்டாட்டிகிட்ட பஸ் காசு வாங்கிட்டு வேலைக்குப் போனவன். முதல் வாரம் செத்துடலாம்போல அவமானமா இருந்துச்சு. மூணாம் வாரம் தோள்லயிருந்து மூட்டையை இறக்கின மாதிரி ஆயிடுச்சு. கையில காசு இல்லன்னா மனசு கணக்குப் போடறதை நிறுத்திடும்.

அடுத்து ஆப். அழிச்சாப் போதாது, ரெண்டு நிமிஷத்துல திரும்ப இறக்கிடுவீங்க. ஆப்புக்குள்ள சுயவிலக்குன்னு இருக்கும், அதாவது என்னை உள்ள விடாதேன்னு நீங்களே பதியறது, எங்கேயோ மூலையில ஒளிச்சு வச்சிருப்பான். இருக்கிறதுலயே நீளமான காலத்தைப் போடுங்க. பிரிட்டன் மாதிரி சில நாட்டுல ஒரே இடத்துல பதிஞ்சா உரிமம் வாங்கின எல்லா ஆன்லைன் தளமும் கதவை மூடிடும். உங்க ஊர்ல அப்படி உண்டான்னு பாருங்க. அதோட பெட்பிளாக்கர்னு இலவச ஆப் ஒண்ணு இருக்கு, போட்டா சூதாட்டத் தளங்கள் பெரும்பாலும் போன்ல திறக்காது. இதை எல்லாம் காலைல பத்து மணிக்குப் பண்ணுங்க, ராத்திரி பண்ணாதீங்க. பேங்க்லயும் சூதாட்டத்துக்குப் பணம் போகாம அடைக்க முடியுமான்னு கேளுங்க, சில பேங்க்ல அது ஆப்லயே இருக்கு. கார்டு ரெண்டையும் கத்தரிங்க. பிரிட்டன்ல 2020 ஏப்ரல்லயிருந்து கிரெடிட் கார்டுல சூதாடவே முடியாது, அவ்வளவு பேர் அதுலதான் மூழ்கினாங்க.

அப்புறம் கூட்டம். சூதாட்டத்தை விட்டவங்க கூடற கேம்ப்ளர்ஸ் அனானிமஸ், 1957-ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்சது. இப்போ பல நாட்டுல இருக்கு, ஆன்லைன்லயும் கூடறாங்க. காசு கேக்க மாட்டாங்க, முழுப் பேர்கூடக் கேக்க மாட்டாங்க. அவங்ககிட்ட 20 கேள்வி இருக்கு, பிரச்சினை உள்ளவங்க பெரும்பாலும் ஏழுக்காவது ஆமான்னு சொல்வாங்கன்னு சொல்றாங்க. நான் பதினெட்டுக்குச் சொன்னேன். பக்கத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் உக்காந்திருந்தார், "நமக்கு இருபதுக்கு இருபது தம்பி, வாழ்க்கையில முதல் தடவையா நூத்துக்கு நூறு"ன்னார். பல மாசம் கழிச்சு நான் சிரிச்சது அன்னிக்குத்தான்.

இதெல்லாம் நடக்கணும்னா ஒண்ணு நடக்கணும். வீட்டுல சொல்லணும்.

சாளரம் | வியாழன், காலை 10:22

சொல்றது எப்படின்னு நான் சொல்றேன், ஏன்னா கேட்டவள் நான்.

தவணை முறையில சொல்லாதீங்க. எங்க வீட்டுக்காரர் முதல்ல பாதித் தொகை சொன்னார். நான் அழுது முடிச்சு, சரி பாத்துக்கலாம்னு தேறினேன். மூணு வாரம் கழிச்சு இன்னொரு கடன்காரன் போன். அந்த ரெண்டாவது அடிதான் உடைச்சுப் போட்டது. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி, அந்தத் தாளோட போய் உட்காருங்க. பையன் தூங்கினப்புறம். "இனிமே ஆட மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க, அவங்க நம்ப மாட்டாங்க, நம்பவும் வேண்டாம். சம்பளக் கணக்கை மாத்தற தாளைக் கையில கொடுங்க.

அவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், முடிஞ்சா இதைக் காட்டுங்க: கடனை மொத்தமா நீங்க அடைச்சிடாதீங்கம்மா. நான் என் அண்ணன்கிட்ட வாங்கி ஒரே நாள்ல அடைச்சேன். அடைச்ச அன்னிக்குச் சாயங்காலம் அவருக்கு எல்லாக் கார்டும் காலியா, புதுசா இருந்துச்சு. நாலே மாசம். கடன்காரங்ககிட்ட பேசி மாசா மாசம் கட்டுங்க, கட்டறது அவர் சம்பளத்துலயிருந்தே போகட்டும். குடும்பத்தாருக்குன்னு கேம்-அனான்னு தனிக் கூட்டம் இருக்கு. நான் அங்க போனது அவரைத் திருத்தக் கத்துக்க. அங்க போன முதல் நாளே "உங்களுக்குத் தூக்கம் வருதா?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. அதை அதுவரைக்கும் யாரும் கேக்கல.

சும்மா_ஒருத்தன் | வியாழன், இரவு 9:50

சாளரம் மேடம், உங்க பதிவை நாலு தடவை படிச்சேன். மனசுக் கட்டுப்பாடுன்னு சொன்னதுக்கு ஸாரி.

யோசிச்சுப் பாத்தா, நான் ஆடறது சனிக்கிழமை நண்பர்களோட சீட்டு. ரொக்கம்தான். பாக்கெட்ல இருக்கிறது தீர்ந்தா எவனும் எனக்குக் கடன் தர மாட்டான், பத்து மணிக்கு, யார் வீட்டுல ஆடறோமோ அவன் பொண்டாட்டி லைட்டை அணைச்சிடும். போன்ல ஆப் எதுவும் இல்ல. ஓடிபி எப்படி வரும்னுகூட எனக்குத் தெரியாது.

திரும்பி_வந்தவன் | வியாழன், இரவு 10:05

அண்ணே, உங்களுக்கு மனசுக் கட்டுப்பாடு அந்த அம்மாதான்.

இரவுப்பறவை | அடுத்த வாரம் சனி, மாலை 4:30

பகல்ல எழுதறேன், கவனிச்சீங்களா.

ஞாயித்துக்கிழமை சொல்லிட்டேன். தாள் எழுதத்தான் ரெண்டு நாள் ஆச்சு, மூணு தடவை கூட்டினேன், மூணு தடவையும் வேற வேற தொகை. நான் நினைச்சிட்டிருந்ததைவிட ஒண்ணரை மடங்கு. அவ கத்தல. தாளைத் திருப்பிப் பாத்தா, பின்னாடியும் இருக்கான்னு. அப்புறம் எழுந்து போய்ப் பையன் பக்கத்துல படுத்துட்டா. ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் காலைல பர்ஸ்ல பஸ் காசும் டீ காசும் எண்ணி வச்சிருந்தா. சில்லறையா.

சம்பளக் கணக்கு மாத்தக் கொடுத்தாச்சு. சுயவிலக்கு மூணு ஆப்ல போட்டேன். நாலாவது ஒண்ணு இருந்துச்சு, அதை முதல் அன்னிக்குச் சொல்லல, நேத்துச் சொன்னேன். ஒரு ஆப்ல விலக்குக் கேட்டதும் "உங்களுக்காகச் சிறப்பு போனஸ்"னு வந்துச்சு, கை நடுங்கிச்சு. டாக்டர்கிட்ட வியாழக்கிழமை போனேன், ராத்திரி வர்ற அந்த எண்ணத்தையும் சொன்னேன். ஒன்பதுல ஏழுன்னார். மறுபடி செவ்வாய் வரச் சொல்லிருக்கார்.

பாத்ரூமுக்குப் போன் எடுத்துட்டுப் போறதில்ல. சாளரம் அக்கா, இது உங்களுக்காக.

இன்னும் ராத்திரி ஒண்ணரைக்கு முழிப்பு வருது. கண்ணை மூடினா அந்தச் சக்கரம் சுத்துது, சத்தத்தோட. இது எப்போ போகும்? அப்புறம் நாளைக்கு ஃபைனல். ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து பாக்கறாங்க, நடுவுல பந்தயம் கட்டுவாங்க. போகலாமா?

திரும்பி_வந்தவன் | சனி, மாலை 5:02

சக்கரம் எனக்கு ஏழு வாரம் சுத்திச்சு. எல்லாருக்கும் அதே கணக்கு இல்ல, ஆனா சத்தம்தான் முதல்ல போச்சு. அந்த ஆசை பொங்கி வரும்போது எழுந்து நடங்க, இருபது நிமிஷம் அரை மணியில இறங்கும். இறங்காதுன்னு தோணும், இறங்கும்.

ஃபைனலுக்குப் போகாதீங்க. இந்த வருஷம் ஸ்கோர்கூடப் பாக்காதீங்க.

சாளரம் | சனி, மாலை 5:20

"வீட்டுல வேலை இருக்கு"ன்னு சொல்லிடுங்க. பொய்யும் இல்ல. பையனைக் கூட்டிட்டு வெளிய போங்க, போனை உங்க வீட்டம்மாகிட்ட கொடுத்துட்டு. மேட்ச் எத்தனை மணிக்கு?

இரவுப்பறவை | சனி, மாலை 5:24

ஏழரைக்கு அக்கா. பதினொன்றரை ஆகும் முடிய.

திரும்பி_வந்தவன் | சனி, மாலை 5:31

சரி. ஏழரைக்கு வீட்டம்மா போன்லயிருந்து இங்க ஒரு புள்ளி வச்சுட்டு வெளிய கிளம்புங்க. திரும்பி வந்ததும் இன்னொரு புள்ளி. அதுவரைக்கும் நான் முழிச்சிருப்பேன்.